மூன்று எண்ணிவிட்டுக் கதைக்கவும்

செய்மதி இணைய வேலை என்பது நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பதும் குனிந்து வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பதும்தான். நடுவில் வேறு பெரிய வித்தை எதுவும் இல்லை. “லைன் வருமா, வராதா?” என்ற கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லித் தொண்டை வற்றிய என் இனத்தவரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சண்டை முழுதாக நிற்காமலும் முழுதாக நடக்காமலும் இருந்த வருடங்கள் அவை. திருகோணமலை நகரில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், வானொலிப் பெட்டி திருத்திக்கொண்டிருந்த என்னை ஒரு தொண்டு நிறுவனம் பிடித்தது. கொழும்பில் மூன்று நாள் பயிற்சி கொடுத்து ‘செய்மதித் தொழில்நுட்ப அலுவலர்’ ஆக்கியது. மூன்றாம் நாளில் பாதி, குழுப்படம் எடுப்பதில் போய்விட்டது. டெலிபோன் கம்பியே எட்டிப்பார்க்காத, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், ஒரு ஹாஜியாரின் வீட்டு முன்னறையில் இருந்து, ஏழைகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் இணையம் கொடுப்பது திட்டம். பால் விடாத ஒரு பிளேன்ரீ குடிக்கும் காசுக்கு அரை மணி நேரம். வாசலில் ‘அதிவேக இணைய நிலையம்’ என்று பலகை மாட்டினேன். அந்த ‘அதி’ என் சொந்தச் சேர்க்கை.

பாதையில் ஏறிய டிஷ்

அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோகும் தட்டையான மிதவைதான். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் பாதை. ஆள் உயர டிஷ் ஒன்றை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் மல்லாத்திக் கட்டிக்கொண்டு இறங்குதுறைக்கு வந்தேன். சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் டிஷ்ஷையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் காலத்தில் வானத்தோடு பேசும் சாமான் எதுவானாலும் வில்லங்கம்தான். அனுமதிக் கடிதத்தை அவசரத்தில் தலைகீழாக நீட்டினேன்.

கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். டிஷ்ஷைச் சுற்றி வந்து விரலால் தட்டிப் பார்த்தார். கொழும்பில் படித்த அத்தனை ஆங்கிலச் சொற்களையும் நான் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, இதில் கிரிக்கெட் பார்க்கலாமா என்று கேட்டார். இல்லை, இது இணையத்துக்கு மட்டும் என்றேன். அவர் முகத்தில் இருந்த சந்தேகம் போய் என்மேல் இரக்கம் வந்தது.

“மெச் வராதா? அப்ப என்னத்துக்குத் தம்பி இவ்வளவு பெரிசு?”

யோசிக்கிற மாப்பிள்ளை

முதல் மாதமே தயிர் வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். மாப்பிள்ளை சவூதியில். பேச்செல்லாம் முடிந்துவிட்டது, அவர் வாயால் சம்மதம் கேட்டால் போதும் என்றார். கொம்பியூட்டர்த் திரையில் மாப்பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. “மகன், உங்களுக்குச் சம்மதம்தானே?” என்று வியாபாரி கேட்டார்.

இங்கேதான் எங்கள் தொழிலின் மானம் போகும் இடம். பேச்சு இங்கிருந்து வானத்தில் நிற்கும் செய்மதிக்கு ஏறி, இறங்கி, உலகத்தைச் சுற்றிப் போய்ச் சேரவேண்டும். பதிலும் அதே வழியால் திரும்பி வரவேண்டும். எங்கள் லைனில் அதற்கு மூன்று விநாடி பிடித்தது. சம்மதம் கேட்ட இடத்தில் மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். முதல் விநாடியில் வியாபாரி சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் சிரிப்பு நின்றது. மூன்றாவதில் எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டார். “ஓம் மாமா, முழுச் சம்மதம்” என்று திரை சொன்னபோது அவர் வாசலைத் தாண்டிவிட்டார்.

பின்னால் ஓடிப்போய் விளக்கினேன். அவர் நம்புவதற்கு இரண்டு நாள் எடுத்தது. கல்யாணமும் நல்லபடி நடந்தது. ஆனால் அன்றே நான் ஒரு மட்டையில் ‘மூன்று எண்ணிவிட்டுக் கதைக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கொம்பியூட்டருக்கு மேலே ஒட்டிவிட்டேன். முற்றத்தில் வைத்து வியாபாரி சொன்னது அப்படி:

“சம்மதத்த யோசிச்சுச் சொல்லுற மாப்பிள்ளைக்கு என்ட புள்ளையக் குடுக்க ஏலாது, தம்பி!”

ஹனாவின் மூன்று விரல்கள்

நஸீமா நிலையத்துக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார். கணவர் ரிழ்வானுக்குக் கட்டாரில் கட்டட வேலை. அவர் புறப்பட்டபோது மகள் ஹனா வயிற்றில் இருந்தாள். இப்போது அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. தகப்பனை நேரில் கண்டதில்லை. பக்கத்துத் தெருவில் இப்படித்தான் ஒரு தகப்பன் லீவில் வந்திறங்க, பிள்ளை அலறிக்கொண்டு ஓடியதாம். லீவு முடியும்வரை அவரிடம் போகவே இல்லையாம். அந்த மனிதர் அழுதுகொண்டு திரும்பிப் போனதை நஸீமா கண்ணால் கண்டவர். தன் வீட்டில் அது நடந்துவிடக்கூடாது என்ற ஒரே பயத்தில், ரிழ்வானுக்கு ஓய்வுநாளான வெள்ளிக்கிழமைகளில், பின்நேர அசர் தொழுகை முடிந்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

வந்து என்ன பயன்? ஹனா திரையைப் பார்த்து “வாப்பா” என்பாள். திரையில் இருக்கும் முகம் அசையாது. அவளுக்குக் கோபம் வந்து, கதிரையால் இறங்கி ஓடிவிடுவாள். அதற்குப் பிறகுதான் ரிழ்வான் வெறுங் கதிரையைப் பார்த்து “என்ட மகள்!” என்று சிரிப்பார். எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. பிள்ளைக்கு மட்டையை வாசிக்கத் தெரியாதே என்று விரல் மடக்கச் சொல்லிக் கொடுத்தேன். கூப்பிட வேண்டும்; ஒன்று, இரண்டு, மூன்று மடக்க வேண்டும்; வாப்பா சிரிப்பார். நாலைந்து வெள்ளிக்கிழமையில் ஹனா பிடித்துக்கொண்டாள். மூன்றாம் விரல் மடங்கும்போது திரையில் தகப்பன் வாய் நிறையச் சிரித்தார். செய்மதியை நானே செய்து மேலே அனுப்பியவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். நஸீமா முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்.

“அவருக்கு இண்டைக்கு நித்திர வராது, அண்ணன்.”

சம்பல் இல்லாத கிழமை

பங்குனி பிறந்ததும் ஒவ்வொரு நாளும் மதியம் ஒரே நேரத்துக்குப் பத்து நிமிடம் லைன் செத்துப்போனது. கேபிளை மாற்றினேன், மோடத்தை மாற்றினேன், என் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றினேன். கடைசியில் துப்பறிந்து பிடித்தேன். அதே நேரத்தில்தான் ஹாஜியாரின் மனைவி குசினியில் சம்பல் அரைக்கக் கிரைண்டரைப் போடுகிறார்! அதிலிருந்து புறப்படும் அலைகளைப் பற்றி ஒரு விரிவுரை நடத்தி, மதியத்தில் அதைத் தொடக்கூடாது என்று தடை போட்டேன். கிழமை முடிவதற்குள் கோளாறு நின்றுவிட்டது. ஹாஜியார் என் மூளையைப் பற்றிப் பள்ளிவாசல்வரை போய்ப் புகழ்ந்துவிட்டு வந்தார்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து உண்மையான பொறியியலாளர் வந்தார். வருடத்தில் இரண்டு தடவை சூரியன் நேரே செய்மதிக்குப் பின்னால் வந்து நிற்கும், அந்தச் சில நாளும் லைன் விழும், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் மெதுவாகப் பேசும்படி சைகை காட்டினேன். குசினிக் கதவில் ஹாஜியாரின் மனைவி ஏற்கெனவே வந்து நின்றார்.

“சூரியன் செஞ்ச குத்தத்துக்கு நாங்கதானா தம்பி ஒரு கிழமையாச் சம்பல் இல்லாமச் சோறு திண்ட?”

நான் அடைத்த ஓட்டை

எங்கள் ஊரில் செய்மதி கிட்டத்தட்டத் தலைக்கு மேலே நிற்கும். அதனால் டிஷ்ஷும் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும், முற்றத்தில் பெரிய தாச்சிச் சட்டியை வைத்ததுபோல. ஐப்பசி மழைக்கு முன் அதைத் துடைத்தபோது நடுவில் ஒரு சின்ன ஓட்டை கண்டேன். கம்பனிக்காரரின் கவலையீனம் என்று முடிவு கட்டி, தோணி ஓட்டைகளுக்குப் பூசும் தார் கொஞ்சம் வாங்கி, அழகாக அடைத்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமைதான் ரிழ்வான், தை மாதம் லீவு கிடைத்திருக்கிறது, வருகிறேன் என்று சொன்னார். அடுத்த நாள் மழை தொடங்கியது. லைன் விழுந்தது.

மழை என்றால் லைன் விழும், அது சகஜம் என்று எல்லோருக்கும் ஆறுதல் சொன்னேன். மழை விட்ட நாட்களிலும் லைன் வரவில்லை. ஒரு வெள்ளி போனது, இரண்டு போனது, மூன்றும் போனது. நஸீமா என்னைத் திட்டவில்லை. நனைந்த குடையை மடக்கிக்கொண்டு, “புள்ள மறந்திருவாளோ, அண்ணன்?” என்று மட்டும் கேட்டார். நாலாவது கிழமை, கொம்பியூட்டரைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது முற்றத்தை எட்டிப் பார்த்தேன். ஹாஜியாரின் ஆடு கொங்கிரீட் கட்டையில் முன்னங்காலை ஊன்றி, டிஷ்ஷுக்குள் தலையை விட்டு, ஆற அமரத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. விளிம்புவரை மழைத்தண்ணீர். அந்த ஓட்டை தண்ணீர் வடிவதற்காகக் கம்பனிக்காரர் வேண்டுமென்றே வைத்தது என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஆணியால் தாரைக் குத்திக் கிளறிக்கொண்டிருந்த என் பக்கத்தில் ஹாஜியார் வந்து நின்றார்.

“இந்த ஆடு மூணு கிழமையா இதிலதான் தம்பி தண்ணி குடிக்கிது, ஒங்களுக்குத் தெரியுமெண்டு நெனச்சன்.”

இறங்குதுறையில்

அடுத்த வெள்ளியே லைன் திரும்பியது, ஹனாவின் விரல்களும் மறக்கவில்லை. தை பிறந்தபோது ஊர் நிலைமை மறுபடி கெடத் தொடங்கியிருந்தது. நிலையத்தை மூடி டிஷ்ஷைக் கொண்டுவரச் சொல்லி எனக்குச் செய்தி வந்தது. லாண்ட்மாஸ்டரில் அதைக் கட்டிக்கொண்டு கிண்ணியா இறங்குதுறைக்குப் போனால், அங்கே நஸீமாவும் ஹனாவும் நிற்கிறார்கள். அடுத்த பாதையில் ரிழ்வான் வருகிறாராம். நஸீமாவின் கை பிள்ளையின் தோளை விடவே இல்லை. பாதை வந்து தட்டியதும், ஒரு பெரிய பெட்டியோடு மெலிந்த மனிதர் ஒருவர் எல்லோருக்கும் முதலாக இறங்கினார்.

ஹனா அலறவில்லை, ஒளிக்கவில்லை. நேரே அவர் முன்னால் போய் நின்று “வாப்பா” என்றாள். கையைத் தூக்கி விரல் மடக்கத் தொடங்கினாள். முதல் விரல்கூட மடங்கவில்லை. “என்ட மகள்!” என்று ரிழ்வான் அவளை வாரித் தூக்கிவிட்டார். பிள்ளை விறைத்துப்போனாள். பிறகு உதறித் துள்ளி இறங்கி, தாயின் கால்களைக் கட்டிக்கொண்டு கத்தினாள்: “உம்மா, இது எங்கட வாப்பா இல்ல! எங்கட வாப்பா ஒடனே கதைக்க மாட்டாரு!” ரிழ்வானின் கை தூக்கியபடியே நின்றது. நஸீமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் இவ்வளவு காலமும் பயந்தது நடந்துவிட்டது. நடத்தி வைத்தவன் நான். லாண்ட்மாஸ்டரில் நின்றபடி ரிழ்வானுக்கு மூன்று விரலைத் தூக்கிக் காட்டி, ஒவ்வொன்றாக மடக்கினேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. வெள்ளிக்கு வெள்ளி அந்த விரல்களைத் திரையில் பார்த்தவர் அல்லவா? இரண்டு அடி பின்னால் போய், மண்ணில் முழங்காலிட்டு, முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டார். ஹனா தாயின் பின்னாலிருந்து தலையை நீட்டி, பலத்த சந்தேகத்தோடு இன்னொரு தடவை “வாப்பா” என்றாள். ஒன்று மடக்கினாள். அவர் உதடு துடித்தது, வாய் திறக்கவில்லை. இரண்டு. கண்ணால் வடிந்தது, துடைக்கவில்லை. மூன்று. “என்ட மகள்” என்றார், மெதுவாக. நான் டிஷ்ஷில் தூசி தட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது ஹனா அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டு, தாய்க்கு அறிவித்தாள்:

“வாப்பாதான் உம்மா, நான் எண்ணிப் பாத்திட்டன்.”

வாசலில் ‘அதிவேக இணைய நிலையம்’ என்று பலகை மாட்டிவிட்டு, ஒரு மனிதரைத் தன் பிள்ளைக்கு முன்னால் மூன்று விநாடி தாமதமாகத் தகப்பனாக்கிய ஒரே தொழில்நுட்ப அலுவலர் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.