வாசலில் நான் பார்த்த விரல்கள்

நான்காம் வகுப்போடு நின்றவன் நான். இரவல் வாங்கிய இரண்டு தறியில் தொடங்கி, இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி கட்டினேன். பதினெட்டுத் தறி, நாலு சலவைத் தொட்டி, சொந்தமாக ஒரு வேன்! அத்தனையும் கட்டிய நான்தான், நோயாளிப் பெண் ஒருத்தியை வேலைக்கள்ளி என்று விரட்டினேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசி. சாயங்காலம் மணி அடித்ததும் வாசலில் நிற்பேன். சலவைப் பகுதி ஆட்கள் இரு கையையும் நீட்ட வேண்டும். நாள் முழுக்கத் துணி அலசியவர் விரல் நுனி சுருங்கியிருக்கும். வழவழவென்று இருந்தால் ஏய்த்தவர். படித்த மேனேஜர் எவனுக்கு இந்த யோசனை வரும்? எனக்கு வந்தது!

பேச்சியம்மாளின் விரல்கள் பல நாளாகச் சுருங்கவேயில்லை.

“ஏட்டி, எங்க போயி உக்காந்துட்டு வாரே?”

“எங்கயும் போகல மொதலாளி. பொழுதன்னைக்கும் தண்ணிக்குள்ளதான் கெடக்கேன். காலு வேற தீயா எரியுது.”

“எரிஞ்சா வீட்டுல போயி ஆத்து. நாளையில இருந்து வராத!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்... நானும்.

மறு வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் துணிக்கட்டு இறக்கப் போனேன். அங்கே அவள்! மெஸ் ஒன்றில் பாத்திரம் கழுவப் போனவள், கொட்டிக் கிடந்த கொதிநீரில் சூடு தெரியாமல் நின்றிருக்கிறாள். பாதம் வெந்திருந்தது. கைகள் இரண்டும் வெதுவெதுப்பான தண்ணீர்ச் சட்டிக்குள்.

அரை மணி கழித்து டாக்டரம்மா விரல்களைப் பார்த்தார்.

“சுருங்கல, பாத்தீங்களா? மதுரையில கரண்ட் வச்சுப் பாத்து, நரம்பு நல்லா இருக்குன்னுட்டாங்க. அது பெரிய நரம்பு. சூடு, எரிச்சல் சொல்ற பொடி நரம்பு கெட்டா அதுல தெரியாது. ஊசி குத்தாம, தோலை வெட்டாம, இப்படித் தண்ணியில வச்சாத் தெரியும்; அந்த நரம்பு கெட்டா விரல் சுருங்காது. சர்க்கரை இருந்திருக்கு, யாரும் கவனிக்கல. உங்ககிட்டத்தான வேலை பாத்தா? விரல் எப்போ இருந்து இப்படின்னு தெரியுமா?”

தெரியாதா எனக்கு! தினமும் பார்த்தவன் நான் அல்லவா!

“தெரியாதும்மா” என்றேன்.

பேச்சியம்மாள் என்னையே பார்த்தாள். “அம்புட்டு பேரு கையையும் மொதலாளி எப்பிடிப் பாத்துக்கிட்டு இருப்பாக?” என்றாள்.

குத்தலா, இரக்கமா? இன்றுவரை பிடிபடவில்லை...

அடுத்த மாதம் அவளுடைய கால் விரல்கள் மூன்றை எடுத்தார்கள்.

அவள் ஆஸ்பத்திரிச் சீட்டில், விரல் சோதனையை முதலில் செய்தவர் என்று டாக்டரம்மா பெயர் இருக்கிறது. தப்பு! முதலில் செய்தவன் நான். ஒரு வருடம் முந்தி, கம்பெனி வாசலில், படிப்பில்லாதவன்! முடிவையும் நானே சொன்னேன்: வேலைக்கள்ளி. திருத்தி எழுதுங்கள்... இரண்டையும் என் பெயரிலேயே எழுதுங்கள்!