சித்தியைக் குளிப்பாட்டிய கைகள்

புனேயை ஒட்டிய சாங்வியிலிருந்த முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தபோது நான் சாகணில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். செல்போன் முதலாளிகளிடம் மட்டும் இருந்த காலம். கேன்டீன் முதலாளி கேட்டுவிட்டு, "உன் சித்தி போயிட்டாங்களாம்" என்று இந்தியில் சொன்னார். கத்தியை என் கையிலிருந்து அவரே வாங்கி வைத்தார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அவள் புருஷன் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகும் அவள் புனேயை விட்டு வரவில்லை. பிள்ளை கிடையாது. நான் எட்டாவதோடு நின்று ஊர் ஊராகத் திரிந்தவன். சென்னையில் லாட்ஜ், சோலாப்பூரில் தார் ரோடு, அப்புறம் லாரி. எங்கே வேலை போனாலும் சித்தி வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன். அவளுக்குக் கால் விழுந்தபோது, வாடகை அறையில் நாலு ஆண்களோடு படுத்துக் கிடந்த என்னால் அவளை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இல்லம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன்.

எஸ்டிடி பூத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் எங்கள் ஊர்க் கடைக்குப் பேசி, அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அம்மா அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்டா. நீயே அனுப்பிடு. ஆனா பொம்பளைங்க கையால தலைக்குத் தண்ணி ஊத்தணும். ஆம்பளைங்ககிட்ட விட்டுடாத. அவ கூச்சக்காரி."

"சரிம்மா."

"சத்தியமாச் சொல்லு."

சொன்னேன். டெம்போவில் உட்கார்ந்து போகும்போது, புனேயில் எனக்குத் தெரிந்த பெண்கள் யார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை.

மற்ற வேலைகள் எனக்குப் பழக்கம்தான். இல்லத்து டாக்டரிடம் இறப்புச் சான்று வாங்கி, அதை மாநகராட்சி அலுவலகத்தில் காட்டி மயானத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், வண்டிக்குச் சொல்ல வேண்டும். லாரியில் இருந்த நாட்களில் கூட வேலை செய்தவர்களுக்குச் செய்திருக்கிறேன். சீட்டை வாங்கிக்கொண்டு இல்லத்துக்குப் போனேன்.

இல்லம் ஒரு சாதாரண மாடி வீடு. அதை நடத்திய அம்மாளை எல்லோரும் 'தாயி' என்றுதான் கூப்பிடுவார்கள், அங்கே அக்காவைக் கூப்பிடுவதுபோல. சமையலறைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் சித்தியைக் கிடத்தியிருந்தார். குரலைத் தாழ்த்தி இந்தியில் பேசினார்.

"இங்க யாருக்கும் சொல்லலை. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்கன்னு சொல்லியிருக்கேன். வண்டி பின்பக்கமா வரட்டும்."

"குளிப்பாட்டணும், தாயி."

"வண்டியில வர்றவங்க துடைச்சிடுவாங்க."

"ஆம்பளைங்களா?"

"பின்ன? எங்க ஆயாக்கள் தொட மாட்டாங்க."

சித்தியின் அறையில் பக்கத்துக் கட்டிலில் ஒரு மராத்திக்கார அம்மாள் இருந்தார். அம்மாவின் தங்கையை அங்கே மாவ்ஷி என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவரைக் கேட்கலாமா என்றேன்.

"அவங்களுக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஒருத்தர் போனா மத்தவங்க சாப்பாட்டைத் தள்ளி வச்சிடறாங்க. நான்தானே கெஞ்சி ஊட்டணும்?"

அவர் சொன்னதும் சரிதான். நான் அம்மாவுக்குச் சத்தியம் செய்ததை மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். தாயி சித்தியின் முகத்தைப் பார்த்தார்.

"போய்க் கேளுங்க. மெதுவாச் சொல்லுங்க."

மெதுவாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மாவ்ஷி தலை வாரி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் சித்தியின் ஊதாப் புடவை.

"எங்க வச்சிருக்காங்க?" என்றார்.

"யார் சொன்னாங்க, மாவ்ஷி?"

"ஆஸ்பத்திரிக்குப் போறவ பல்செட்டை விட்டுட்டா போவா? என்னைச் சின்னக் குழந்தைன்னு நினைச்சிட்டாங்க." எழுந்திருக்கக் கையை நீட்டினார். "வெந்நி வைக்கச் சொல்லு. ரொம்பச் சூடு வேண்டாம், அவளுக்கு ஆகாது."

எதிர் அறையிலிருந்து இன்னும் இரண்டு பேர் தாமாகவே வந்தார்கள். நான் வெந்நீர் வாளியைச் சின்ன அறை வாசலில் தொங்கிய திரைவரை கொண்டு வைத்துவிட்டு வெளியே நின்றேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே தமிழ் கேட்டது.

"கண்ணு மூடு. எரியும். ஆடாத, சும்மா இரு."

மாவ்ஷியின் குரல்தான். அவருக்குத் தோள் உடைந்து கை தூக்க முடியாமல் இருந்த மாதங்களில் சித்திதான், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அவருக்குத் தலை தேய்த்துவிட்டவள். தேய்க்கும்போது சொன்ன தமிழ் அவருக்கு அப்படியே தங்கிவிட்டிருந்தது. அதற்குமேல் தமிழ் அவருக்குத் தெரியாது. மீதியை மராத்தியில் சொன்னார்.

"என் கொண்டையைப் பார்த்துக் கிண்டல் பண்ணுவியே. இன்னைக்கு உனக்கும் அதே கொண்டைதான். எழுந்து திட்டு, பார்க்கலாம்."

யாரோ சிரித்தார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு பின்பக்கம் என்ற பேச்சு எழவில்லை. நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் முன்வாசலுக்கு வந்துவிட்டார்கள். சித்தி ஊதாப் புடவையும் மராத்திக் கொண்டையுமாக அவர்கள் நடுவே போனாள். ஊன்றுகோல் பிடித்த ஒரு பெரியவர், அங்கே எல்லோருக்கும் காகா, அதாவது சித்தப்பா, தாயியிடம் வந்தார்.

"என்னோட கேரம் ஆடுவாரே, அவரை மகன் வந்து கூட்டிட்டுப் போனான்னு சொன்னீங்க. அவரும் இப்படித்தானா?"

தாயி தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா, காகா."

"சொல்லியிருந்தா ஒரு கும்பிடு போட்டிருப்பேனே" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. தாயி அவருடைய கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார், தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். கொஞ்சம் பொறு என்றேன்.

மயானத்திலிருந்து திரும்பியதும் அம்மாவிடம் பேசினேன்.

"யாருடா தண்ணி ஊத்தினது?"

"கூட இருந்தவங்க. பொம்பளைங்கதான்."

"நம்ம ஆளுங்களா?"

"ஆமாம்மா."

"தலைக்கு ஊத்தினவ பேரு என்ன?"

மாவ்ஷி என்பதைத் தாண்டி எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னேன்.

"என்ன பையன்டா நீ. ஞாயித்துக்கிழமை போய்க் கேட்டுட்டு வா. வெறுங்கையோட போகாத, பழம் வாங்கிட்டுப் போ."