இடது பக்கம் தாழ்ந்த கார்

என் வீட்டுக்காரர் போர்ட் பிளேயர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார். நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட். அறுபதுகளின் கடைசியில், மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி, கப்பலில் ஏற்றிப்போக அலுத்துக்கொண்டு தன் பழைய காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். வாங்கிய மூன்றாம் மாதமே கார் இடது பக்கமாகத் தாழ ஆரம்பித்தது. இவர் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவார். நான் இடது பக்கம். இது போதாதா?

“நீ உக்காருற பக்கந்தான் எறங்குது, பாத்தியா?” என்றார்.

இரண்டு பிள்ளை பெற்றவள். கொடி மாதிரி இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காரைச் சாய்க்கிற அளவுக்கு இல்லை. மேலும், நான் ஏறாமல் தள்ளி நின்றபோதும் அது சாய்ந்துதான் நின்றது. அதைச் சொன்னேன்.

“ஒன்னயத் தூக்கித் தூக்கி அதுக்குப் பழகிப்போச்சு” என்றார். கடைக்கு வந்தவர்களிடமும் இதையே சொல்லிச் சிரித்தார். பருப்பு வாங்க வந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்துவிட்டுக் காரைப் பார்த்தார்கள்.

கம்பெனி ஏஜெண்டின் ஒர்க்‌ஷாப்புக்குக் காரைக் கொண்டுபோனார். அங்கே மானேஜர் மெட்ராஸ்காரர். சலவைச் சட்டையும் டையும் அணிந்தவர், குனிய மாட்டார். நின்றபடியே காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“ரெண்டு பக்கமும் கமான் பட்டை செட்டு புதுசா போடணும் சார். நாலு ஷாக் அப்சார்பர், புஷ் எல்லாத்தையும் மாத்திடுவோம். பார்ட்ஸ் மெட்ராஸ்லேர்ந்து ஷிப்ல வரணும். நானூத்தி இருபது ஆகும்.”

கமான் பட்டை என்றால் வண்டியின் பாரத்தைத் தாங்கும், வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டை. என் வீட்டுக்காரருக்கு ஒரே பூரிப்பு. அவ்வளவு பெரிய தொகை சொன்னால் அது நல்ல வேலையாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. உடனே சரி என்று சொல்லிவிட்டு, டைப் அடித்த எஸ்டிமேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். நாள் முழுக்க எஸ்டிமேட் அடிப்பவளிடம் காட்டியதுதான் தப்பு. கூலி என்று மேலே ஒரு வரி, பொருத்தும் செலவு என்று கீழே ஒரு வரி. ஒரே வேலைக்கு இரண்டு பெயர்.

“கம்பெனி கம்பெனிதான். ஒனக்கு என்ன தெரியும்?” என்றார்.

ஊருக்குள்ளேயே ஜங்ளிகாட் என்ற பகுதியில் ஒரு மெக்கானிக் இருந்தார். கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர். எல்லோருக்கும் பாய். கடை என்றால் ஒரு தகரக் கூரையும் இரண்டு மரப்பெட்டியும்தான். சனிக்கிழமை அலுவலகம் விட்டதும் அவரைத் தேடிப் போய், வீட்டுக்கே அழைத்துவந்தேன். வந்தவர் ஒரு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போய்விட்டார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

“அக்கா, பின்னாடி லெஃப்ட்ல ஒரு பட்டை ஒடஞ்சிருக்கு. பஸ், இத்னா ஹீ. அவ்ளோதான், வேற ஒண்ணுமில்ல.”

“நான் உக்காந்ததாலயா பாய்?”

கால் இரண்டும் சிரித்தன. “நீங்க முன்னாடி உக்காருறீங்க. ஒடஞ்சது பின்னாடி. அண்ணன் கடை மூட்டையெல்லாம் இதுலதான் ஏத்துறாரா?”

ஏற்றுகிறார். பின்னால் வலது பக்கக் கதவு திறக்காது. அதனால் அரிசி மூட்டை எல்லாமே இடது கதவு வழியாகப் போய், இடது பக்கமே உட்காரும். தள்ளி வைக்க அவருக்குச் சோம்பல். எனக்கு அந்த இடத்திலேயே கும்மி அடிக்கத் தோன்றியது.

“எவ்வளவு ஆகும்?”

“அறுவத்தஞ்சு குடுங்க. ஓடாம கெடக்குற ஒரு வண்டியிலேருந்து பட்டை கழட்டித் தாரேன்.”

ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னேன். “அறுவத்தஞ்சுக்குச் செய்யிறவன் வேலை அறுவத்தஞ்சு நாள்கூட நிக்காது” என்றார். மூட்டை விஷயத்தை நான் சொல்லவில்லை. அதைச் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மாயாபந்தரில் என் வீட்டுக்காரரின் தம்பி புதுக்கடை திறந்தான். இவர் கப்பலேறினார். மறுநாளே பாய் வந்து, ஒரு பகலில் வேலையை முடித்துவிட்டார். கார் எழுந்து, அளவெடுத்த மாதிரி நேராக நின்றது.

எட்டு நாள் கழித்துத் திரும்பியவர் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து இரண்டு பக்கமும் சாண் போட்டு அளந்தார்.

“என்ன இது?”

“நீங்க போனதுலேருந்து நான் ராத்திரி சோறு திங்கிறதில்லைங்க” என்றேன், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு.

நம்பினார். சத்தியமாக நம்பினார். “நாஞ்சொன்னப்ப கேட்டியா?” என்று பெருமை வேறு. மறுநாள் அந்த ஊரில் எளிதில் கிடைக்காத ஆட்டுக்கறி அரைக்கிலோ வாங்கிவந்து, “எளச்சது போதும், சாப்பிடு” என்றார். உறுத்தலாகத்தான் இருந்தது. இருந்தாலும் கறி நன்றாக இருந்தது.

மெட்ராஸ் கப்பல் வந்தது. பார்ட்ஸ் வந்துவிட்டதாக மானேஜர் ஆளனுப்பினார். நானும் கூடவே போனேன். அதை விடுவேனா? மானேஜர் அன்றும் குனியவில்லை.

“கண்டிஷன் முன்னைவிட மோசம் சார்.”

“மோசமா? நேரால்ல நிக்குது? எங்க வீட்ல எளச்சதுலேருந்து சரியாயிருச்சே” என்றார் இவர்.

மானேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கே இளைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் அங்கே வேலை செய்யும் ஃபிட்டர் அடியில் போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினான்: “சாப், இஸ்கா கமான் தோ பதல் கயா!”

பட்டை மாற்றியாகிவிட்டது என்று அவன் இந்தியில் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. இவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே கொட்டினேன்: பாய், அறுபத்தைந்து ரூபாய், ஒருபக்கமாக ஏற்றிய மூட்டைகள், திறக்காத கதவு. கோபப்படுவார் என்று நினைத்தேன். “அப்ப அந்த ஆட்டுக்கறி?” என்று மட்டும் கேட்டார். மானேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் ஃபிட்டர் இன்னும் வெளியே வரவில்லை. பின்னால் இருக்கும் இரண்டு ஷாக் அப்சார்பரும் எண்ணெய் கக்குகின்றன என்றான். நம்பாமல் நானே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தேன். உண்மைதான். மானேஜரின் முகம் மலர்ந்தது. நேராகப் பாயிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

“நீங்க கேக்கலையேக்கா. சாயுறதுக்குத்தானே கூப்ட்டீங்க? குலுங்குறதுக்கு யாரு கூப்ட்டா?” என்றார் பாய்.

கடைசியில் பின்பக்கத்து இரண்டை மட்டும் கம்பெனியில் வாங்கினோம். மற்றதெல்லாம் அவர்கள் அலமாரிக்கே திரும்பிப் போயிற்று. உதிரியாகக் கொடுப்பதில்லை என்ற மானேஜரை, என் வீட்டுக்காரர் மளிகைக் கடைப் பேரத்தில் ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தார். பாய் கம்பெனி கேட்டுக்கு எதிரிலேயே சாக்கை விரித்து அவற்றைப் பொருத்தினார். பொறுக்க முடியாமல் மானேஜர் வெளியே வந்து, நட்டை அப்படி முறுக்கக் கூடாது என்றார். பாய் இப்படித்தான் என்றார். என் வீட்டுக்காரர், எதுவும் தெரியாமலே, இரண்டு பக்கமும் தலையாட்டினார். மூன்று ஆண்களும் பேசிக்கொண்டே இருந்தார்கள். வெயில் ஏறியது. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஹாரனை விடாமல் அழுத்தினேன்.