எழுந்து நின்றாள், திரை அணைந்தது

போன செவ்வாய்க்கிழமை உக்குவளையில் ஒரு கொம்பியூட்டர் மொனிட்டர் தூங்கிவிட்டது. அதற்காக ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். சிரிப்பு வருகிறதா? எனக்கு இன்னும் வரவில்லை.

போன், போட்டோகொப்பி, டைப்பிங் எல்லாம் நடக்கிற ரியாஸ் நாநாவின் கொமியுனிகேஷன் கடை. அங்கே டைப் செய்பவள் புஷ்பா. எல்கடுவ தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வருகிறாள். எங்கள் ரோட்டில் தலையில் இடிக்கிற அளவுக்குத் தொய்ந்து கிடக்கும் கரண்ட் கம்பியைப் பற்றி நான் ஒரு புகார்க் கடிதம் எழுதியிருந்தேன். மேலே தமிழ், கீழே சிங்களம். சிங்களத்தை அடித்து முடித்துவிட்டு, தமிழில் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். நாநா பள்ளிவாசலுக்கு லுஹர் தொழப் போயிருந்தார்.

பொலிஸ்காரர் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். செக்கிங்... ஏன், எதற்கு என்று கேட்கிற காலமா இது?

புஷ்பா சட்டென்று எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். தோட்டத்தில் துரை வந்தால் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அப்படித்தான் நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து பார்த்துப் படித்த பழக்கம்.

முதலில் என் அடையாள அட்டை. பிறகு அவளுடையது. அதிலிருந்த தோட்டத்து விலாசத்தை நிதானமாக, இரண்டு மூன்று முறை படித்தார்கள். அதற்கப்புறம்தான் இளையவர் திரைப் பக்கம் குனிந்தார்.

"தமிழில் என்ன இது?" சிங்களத்தில்தான் கேட்டார். அவர்கள் பேசியது எல்லாமே சிங்களம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் திரை கறுத்துவிட்டது.

"ஏன் அணைச்சே?"

"நான் தொடவே இல்ல சேர்!"

கையைக் கட்டிக்கொண்டு நிற்பவள் எந்தக் கையால் அணைப்பாள்? ஓடி வந்து மவுஸை ஆட்டினாள். கீபோர்டில் தட்டினாள். திரையின் மூலையில் மஞ்சள் லைட் மட்டும் எரிந்தது. வேறு அசைவே இல்லை.

"நல்லா நடிக்கிறே. வா, ஸ்டேஷன்ல போய்ப் பேசலாம். கொம்பியூட்டர் பெட்டியையும் தூக்கு."

ஸ்டேஷனுக்குப் போய் வந்த பெண்ணை எந்தக் கடையில் வேலைக்கு வைப்பார்கள்? தோட்டத்து லயத்து வீடுகளில் என்ன பேசுவார்கள்? அவள் முகத்தில் அது எல்லாம் தெரிந்தது.

நான்? வாராவாரம் இந்தப் பத்தியில் வாய் கிழியப் பேசுகிறவன். பெஞ்சில் பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — பயம். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அது என்னுடைய கடிதம்."

"அப்படியா? அப்போ நீயும் வா" என்றார் மூத்தவர்.

அந்த நேரம் நாநா தொப்பியோடு வந்து சேர்ந்தார். கறுத்த திரையைப் பார்த்தார். மொனிட்டரின் சுவிட்சை ஒரு தரம் அணைத்து, மறுபடி போட்டார். கடிதம் பளிச்சென்று வந்தது!

மூத்தவர் கீழே இருந்த சிங்களத்தைப் படித்தார். சிரித்துவிட்டார். "எங்க வீட்டுப் பக்கமும் இதே கம்பிதான். அதையும் சேர்த்து எழுது." போய்விட்டார்கள்.

"என்ன நாநா இது?" என்றேன்.

"பழைய கேபிள்ல மவுஸ ஆட்டினா முழிச்சிடும். இது புது ஸ்கிரீன், புது கேபிள். ஸ்கிரீன் தூங்கினா, அத யாரோ கழட்டிட்டாங்கன்னு கொம்பியூட்டர் நெனச்சிக்குது. சுவிட்ச அணைச்சிப் போட்டாத்தான் வரும்."

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"நேத்து ராத்திரி மாட்டும்போதே தெரியும். புள்ளகிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"எத்தனை நிமிஷத்தில் தூங்கும்?"

"ஒரு நிமிஷம்னு நான்தான் வெச்சேன். கரண்ட் மிச்சம்தானே..."

நான் கத்திய கத்தல் பஸ் ஸ்டாண்ட் வரை கேட்டிருக்கும். பாவம் மனுஷன். மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து பழைய கேபிளை எடுத்து மாட்டினார். "மன்னிச்சிக்க புள்ள" என்று அவளுக்கு ஒரு பிளேன்டீ வாங்கி வரப் போனார்.

புஷ்பா இன்னும் உட்காரவில்லை.

"எந்திரிக்காம இருந்தா திமிருங்கறாங்க, ஐயா. எந்திரிச்சா அணைச்சிட்டேங்கறாங்க. நான் என்னதாங்க செய்யிறது?"

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

கடை வைத்திருப்பவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். புது மொனிட்டர் வாங்கினால் முதல் நாளே அதைத் தூங்க விட்டு, எழுப்பிப் பாருங்கள். எழும்பாவிட்டால் எப்படி எழுப்புவது என்று வேலை செய்கிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். அதைவிட நல்லது, பகலில் அது தூங்கவே வேண்டாம் என்று மாற்றி வையுங்கள்.

கரண்ட் பில் கூடும். கூடட்டும்!