மூதூர்க் காக்காவின் மூச்சு

சங்கு குளிக்கிறவனுக்கு மூச்சை அடக்குவதுதான் பிழைப்பு. தூத்துக்குடியில் பதினாறு வயதிலிருந்து அப்படித்தான் என் வயிறு நிறைந்தது. அந்தப் பழக்கத்தை விடுவதற்காகவே கப்பலேறி இன்னொரு நாட்டுக்குப் போனேன் என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். எழுபதுகளின் கடைசி அது. திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரர் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி முக்குளிக்கப் பழக்கி, சான்றிதழும் கொடுத்தார். அது கையில் இருந்தால் வளைகுடாவில் கடலடிக் குழாய் வேலைக்கு எடுப்பார்கள் என்று பேச்சு.

அவர் இரண்டிரண்டு பேராகத்தான் பழக்குவார். என் சோடி மூதூர்க்காரர், என்னைவிட நாலு வயது மூத்த முஸ்லிம், அவரும் சங்கு குளித்தவர். எங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அவரைக் காக்கா என்றேன். "இஞ்சயும் அதான் தம்பி" என்றார். அவருக்கு இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நாளில் நான் கொஞ்சம் பொறுக்கி வைத்திருந்தேன். வாத்தியார் சொல்வதை அவருக்கும், அவர் சொல்வதை வாத்தியாருக்கும் நான்தான் சொல்லுவேன்.

முதல் பாடமே மூச்சை அடக்காதே என்பதுதான். கீழே இழுத்த காற்று, மேலே வர வர நெஞ்சுக்குள் உப்பும். வெளியே விடாவிட்டால் நுரையீரல் கிழிந்துவிடும். புத்திக்குப் புரிந்தது, உடம்பு கேட்டால்தானே? கரையேறியதும் எங்கள் சிலிண்டர் முள்ளைப் பார்ப்போம். என்னுடையதில் கால்வாசிக் காற்று மிச்சமிருந்தால் அவருடையதில் பாதி இருக்கும். அவருக்கு அதில் ஒரு பெருமை. எனக்குப் பொறாமை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

சான்றிதழுக்கான சோதனைக்கு மூன்று நாள் முன்னால் வாத்தியார் அந்த முள்ளை வெகுநேரம் பார்த்தார். "கீழே இவர் மூச்சை அடக்குகிறாரா? கேள்" என்றார்.

கேட்டேன். "ஓம் தம்பி, இடைக்கிடை அடக்குறனான். விட ஏலாமக் கிடக்கு. இன்னும் ரெண்டு கிழமை பழகோணும் எண்டாலும் பழகுவம், சொல்லுங்க."

கிழமை என்றால் அங்கே வாரம். என் விசாவில் எட்டு நாள்தான் பாக்கி. அவர் இன்னும் பழக நின்றால் சோடியான நானும் நிற்க வேண்டும். நான் வாத்தியார் பக்கம் திரும்பி, "இல்லை ஐயா, ஒல்லி உடம்பு, அவருக்குக் கொஞ்சக் காற்றே போதும்" என்றேன். காக்காவிடம், "பரவாயில்லையாம்" என்றேன். பாவி, நாக்குக் கூசவில்லை எனக்கு.

சோதனை காலையில். பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்தில் வாய்க்குழாயை எடுத்துவிட்டு, மூச்சை விட்டுக்கொண்டே மெல்ல மேலே வர வேண்டும். நான் முதலில் வந்துவிட்டேன். படகுக் கயிற்றைப் பிடித்தபடி முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். காக்காவும் கூடவே வாத்தியாரும் வருகிறார்கள், குமிழி ஒருவரிடமிருந்துதான் வருகிறது. வாத்தியார் காக்காவின் வயிற்றில் குத்தினார், மூச்சை விடட்டும் என்று. அதில் பயந்து காக்கா, வாத்தியார் கையை உதறிவிட்டு இன்னும் வேகமாக உதைத்து மேலே வந்தார். என் பக்கத்தில் தலை தூக்கி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இரத்த நுரைதான் வந்தது. படகு கரை சேர்வதற்குள் போய்விட்டார்.

வாத்தியார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, இன்றும் தெரியாது.

விசா முடிவதற்கு முதல் நாள் லாஞ்சில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போனேன். காக்காவின் மனைவி இத்தாவில், கணவனை இழந்தவள் தனித்திருக்கும் காலத்தில், இருந்தார்; திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்தான் வரும். அந்தப் பெண்ணின் அண்ணன் எனக்குக் கதிரை போட்டுத் தானும் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து அந்தப் பெண் கேட்டது என் காதிலும் விழுந்தது. ஆனாலும் முறைக்கு அண்ணன் அதை என்னிடம் திருப்பிச் சொன்னார்.

"தங்கச்சி கேக்கிறா, காத்து முடிஞ்சு போச்சோ எண்டு."

ஓம் என்று ஒரு சொல் போதும், எழுந்து வந்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இல்லை, பாதிக்கு மேல் இருந்தது" என்றேன். பிறகு வாத்தியார் கேட்டதையும், காக்கா சொன்னதையும், நான் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு சொன்னேன்.

 அண்ணன் திரைப்பக்கம் திரும்பி, நான் சொன்னது முழுவதையும், ஒரு சொல் மாற்றாமல், தங்கச்சியிடம் சொன்னார்.