இரும்பும் சீனியும்

என் மகனின் பெயரில் பாதி தமிழ். அந்தப் பாதிக்கு அரபு அகராதியில் அர்த்தம் தேட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீனி. கடையில் நிறுத்துக் கொடுக்கிற அதே சீனிதான். பின்பாதி எங்கள் நபியின் பெயர். இரண்டையும் சேர்த்தால் என் வாப்பாவின் பெயர்.

வாப்பா பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். போர்க்காலத்தில் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் இருந்த நாங்கள் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்த பிறகு, சைக்கிளில் அச்சுவேலி, கொடிகாமம் என்று சுற்றி, பழுதான வாட்டர் பம்புகளும் தேய்ந்த மண்வெட்டிகளும் வாங்கி வருவார். "இரும்புக் காக்கா வாறார்" என்பார்கள்; காக்கா என்றால் எங்கள் ஆட்களிடம் அண்ணன். ஒருவரும் அவருடைய பெயரைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எழுதவும் தெரியாது, கையெழுத்துக்குப் பெருவிரல்தான்.

எங்கள் வீட்டில் அந்தப் பெயரை எழுதக் கற்ற முதல் ஆள் நான். அதை வெட்டியதும் நான்தான். ஆறாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் மாறியபோது, தகப்பன் பெயர் என்ற இடத்தில் பின்பாதியை மட்டும் எழுதினேன். வகுப்புப் பெடியள் சிரிப்பார்கள் என்ற பயம். வாப்பா பக்கத்தில் நின்று அந்தத் தாளைப் பார்த்து, "வடிவான எழுத்து" என்றார்.

ஆகவே மகன் பிறந்தபோது எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. முழுப் பெயரும் அவனுக்கு.

ஏழாம் நாள், முடி இறக்கிப் பெயர் வைக்கிற அன்று காலை, மனைவியின் அண்ணன் புத்தளத்திலிருந்து வந்திறங்கினார். உட்காருமுன்பே போனை நீட்டினார். அதில் ஒரு பட்டியல்.

"பர்வேஸ் பாருங்கோ மச்சான். வெற்றி பெற்றவன். பாரசீகம். இல்லாட்டி அர்ஸலான். சிங்கம். துருக்கி."

"சிங்கம் நாட்டுக் கொடியிலை நிக்குது, அது காணும்," என்றார் வாசலில் நின்ற வாப்பா.

"சரி, இது? தைமூர். அதின்ரை கருத்து, இரும்பு. மாமாவின்ரை தொழிலுக்கும் பொருத்தம்!"

"நான் வாப்பாவின்ரை பேரைத்தான் வைக்கிறன்," என்றேன்.

மச்சான் சிரித்தார். "மாமா ஏற்கெனவே சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறார். பிள்ளைக்கும் பிறந்த கையோடை குடுக்கப் போறியளோ? அதென்ன பேர்? ஒரு நல்ல கருத்து வேண்டாமோ?"

"துருக்கிக்காரன் தன்ரை பாஷையிலை பிள்ளைக்கு இரும்பெண்டு வைச்சான்," என்றேன். " அதை நீங்கள் தேடிப் பிடிச்சுக் கொண்டு வாறியள். எங்கடை ஆக்கள் தங்கடை பாஷையிலை சீனியெண்டு வைச்சதுக்கு மட்டும் வெக்கப்படுறியள். யூசுப் எண்டது அரபுக்கு முந்தி எபிரேயத்திலை இருந்த பேர். பர்வேஸ் எண்டு வைக்கத் துவங்கேக்கை பாரசீகத்துக்கு இஸ்லாம் வரவேயில்லை. உவையெல்லாம் உள்ளுக்கு வரலாம், சீனி மட்டும் படலைக்கு வெளியிலை நிக்கோணுமோ?"

"படிச்ச திமிர்," என்றார் மச்சான்.

ஓம், படித்த திமிர்தான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எனக்கில்லாத திமிர் வேறு யாருக்கு வரும்?

ஆனால் என்னை ஆட்டியது மச்சான் இல்லை. வாப்பா உள்ளே வந்து மெதுவாகச் சொன்னார்: "வேண்டாம் மகன். பள்ளிக்கூடத்திலை சிரிப்பினம். நீயும் பின்பாதியைத்தானே எழுதினனி?"

வாசிக்கத் தெரியாதவருக்கு அது எப்படித் தெரிந்தது?

"உன்ரை வாத்தியார் அண்டைக்கே வாசிச்சுக் காட்டினவர்," என்றார். கோபம் இல்லை. இரும்பின் எடையைச் சொல்கிற குரல்.

பாரசீகமும் எபிரேயமும் அந்த இடத்தில் எனக்கு உதவவில்லை. "அது நான் செய்த பிழை வாப்பா," என்றேன். "அதை இவன்ரை தலையிலை ஏத்த விடமாட்டன்."

மௌலவி வந்தார். முடி இறக்கினார்கள். "பேர்?" என்று கேட்டார். சொன்னேன்.

"முன்னுக்கு உள்ளது வீட்டிலை கூப்பிடுற பேரோ?"

"இல்லை. பேரே அதுதான். பிறப்புப் பதிவிலையும் அப்பிடித்தான் வரும்."

அவர் கைகளை ஏந்தி துஆ ஓதினார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். மச்சானுக்கு உதடு மட்டும்தான் அசைந்தது, சத்தம் வரவில்லை.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு உம்மா கேட்டா: "இனி மருமகள் இவனை எப்பிடிக் கூப்பிடுறது?"

எங்கள் வீடுகளில் மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்வதில்லை. உம்மாவே அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பேரனுக்கு அந்தப் பெயர் வைத்தால், பெண்கள் "சின்ன வாப்பா" என்றோ "ராசா" என்றோ கூப்பிட்டுச் சமாளிப்பார்கள். பெயர் காகிதத்தில் கிடக்கும். இத்தனை வாதம் செய்த எனக்கு இது தோன்றவே இல்லை.

"காகிதத்திலை வைக்கவோ இவ்வளவு சண்டை?" என்றாள் மனைவி. வாப்பா அறை வாசலில் நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"சீனி."

உம்மா வாயில் கை வைத்தா.

"சீனி, எழும்பு. பாலைக் குடி."

வாப்பா விலகிப் போகவில்லை. "இன்னும் கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லு மகள்," என்றார். "எனக்கும் கேக்கட்டும்."