தண்ணீர் ஊற்றிய வளைவு

மூன்றாவது லேப்பிலேயே ஜனங்கள் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டார்கள். பைக் ரேஸ் நடத்துகிறவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. அரியலூர் பக்கம் நீளமான சமதரையாகத் தேடிப்பிடித்து டர்ட் ட்ராக் போட்டவன் நான்தான். வேகம் இருந்தால் கூட்டம் வாயைப் பிளக்கும் என்று நினைத்தேன். முதலில் கிளம்பியவன் முதலிலேயே வந்தான். மற்றவர்கள் அவன் கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டே வந்தார்கள்.

கிளப் செக்ரட்டரி சுருக்கமாக முடித்தார். "இன்னொரு தடவை பாக்குறேன். அப்பவும் இப்படின்னா இந்தப் பக்கமே ரேஸ் வேண்டாம்யா. நீயும் ஆபீஸ்லயே உக்காந்துக்க."

இருபது வருஷமாக ட்ராக் இன்சார்ஜாக இருப்பவனிடம் பேசுகிற பேச்சா இது?

அடுத்த ரேஸுக்குக் குன்னத்தில் மக்காச்சோளம் அறுத்த ஒரு காட்டைப் பார்க்கப் போனேன். சொந்தக்காரர் தங்கமணி என்ற அம்மாள், நாற்பது வயதிருக்கும், தன் டிராக்டரைத் தானே ஓட்டுகிறவர். நான் நேர்க்கோட்டில் நடந்து நீளம் பார்ப்பதைக் கவனித்துவிட்டுக் கேட்டார்.

"எதுக்குண்ணே நேராவே பாக்குறீங்க? நேர் ரோட்டுல எல்லா வண்டியும் ஒரே வேகந்தான், எவன் எவனை முந்துறது? சோளம் ஏத்திட்டுப் போறப்ப நாங்க முந்துறதெல்லாம் வளைவுலதான். அதுவும் அகலமா இருக்கணும்."

வரப்பு மேட்டுக்குக் கீழே அகலமாகத் திரும்பும் ஒரு மூலையைக் காட்டினார். மேட்டில் நின்றால் மொத்தக் காடும் தெரிந்தது. அங்கேயே முடிவு செய்தேன்.

"ஆனா இது கரிசலுண்ணே. தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

புழுதி அடங்கத் தண்ணீர் அடிப்பது எங்கள் தொழில் வழக்கம். செம்மண்ணில் பழகிய கை சும்மா இருக்குமா? ரேஸ் அன்று காலை டேங்கரை வரவழைத்துவிட்டேன். வளைவின் உள்பக்கம் மட்டும் நனைந்திருந்தபோது தங்கமணி ஓடிவந்து நிறுத்தினார். மண் அதற்குள் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"சொன்னேன்ல. களி கிண்டி வச்சிருக்கீங்க."

ரேஸும் போச்சு, வேலையும் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் வளைவை ஒரு சுற்று நடந்து பார்த்தார்.

"வெளிப்பக்கம் காஞ்சுதான் கெடக்கு. உள்ள போனா தூரம் கம்மி, மண்ணு இழுக்கும். வெளிய போனா தூரம் சாஸ்தி, வண்டி பறக்கும். எது வேணுமோ அவனவன் பாத்துக்கட்டும்ணே."

வெயில் ஏறி மண் கொஞ்சம் இறுகியதும் நானே இரண்டு வழியிலும் ஓட்டிப் பார்த்தேன். உள்பக்கம் வழுக்கவில்லை, இழுத்தது. ரைடர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கொடியை அசைத்தேன்.

அப்படி ஒரு ரேஸை நான் பார்த்ததே இல்லை. சுற்றுக்குச் சுற்று முன்னால் போகிறவன் மாறினான். ஓட ஓட உள்பக்கமும் காய்ந்தது. வெளியே சுற்றியே ஜெயித்துக்கொண்டிருந்தவனைக் கடைசி லேப்பில் ஒருவன் உள்ளே புகுந்து முந்தினான். மேட்டில் ஒருவரும் உட்காரவில்லை. செக்ரட்டரியும்தான்.

சாயங்காலம் ரிப்போர்ட்டில் 'ட்ராக் டிசைன்' என்ற இடத்தில் தங்கமணி என்று எழுதினேன்.

"யாருய்யா இது, எந்த ஊரு எஞ்சினியர்?" என்றார் செக்ரட்டரி. டிராக்டரில் ஏறிக்கொண்டிருந்தவரைக் காட்டினேன்.

ட்ராக் போட இடம் பார்க்கப் போகும் பிள்ளைகளே, ஓட்டுகிறவனுக்கு இரண்டு வழி கொடுங்கள். எதில் போவது என்று அவன் தவிக்கிற இடத்தில்தான் ரேஸ் இருக்கிறது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்த அம்மாள் அதுவரை ஒரு ரேஸ்கூடப் பார்த்ததில்லை.